ஒன்றரை ஷிப்ட்டில் ஓர் இதய மாத்திரை

(திருப்பூரில் பனியன் தொழிலாளர்களும் உற்பத்தியாளர்களும் கூடிய அரங்கில், மருந்தியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இங்கிருந்து மேட்டுப்பாளையம் போய் மலையேறி, ஊட்டியைத் தாண்டிக் கூடலூர் சாலையில் இறங்கினால் நடுவட்டம் வரும். 1860-களில் ஆங்கில அரசு அந்தச் சரிவுகளில் சிங்கோனா மரங்களை நட்டது. ஆண்டிஸ் மலையிலிருந்து விதையும் நாற்றும் கொண்டுவர ஏற்பாடு செய்தவர் கிளெமென்ட்ஸ் மார்க்கம். அவற்றை நீலகிரியில் பிழைக்க வைத்தவர் ஊட்டி அரசுத் தோட்டத்தைக் கவனித்துவந்த வில்லியம் மெக்ஐவர். வேலைக்குச் சீனக் கைதிகளைக் கொண்டுவந்தார்கள். அந்த மரத்தின் பட்டையிலிருந்து கொய்னா எடுத்தார்கள். மலேரியாவுக்கு அன்று அதுதான் மருந்து. பிற்பாடு ஆனைமலைப் பக்கமும் அரசு தோட்டம் போட்டது. வால்பாறைக்கு அப்பால் சிங்கோனா என்றே ஓர் ஊர் இருக்கிறது. மரம் போய்த் தேயிலை வந்துவிட்டது, பெயர் போகவில்லை.

மலேரியாவைப் பற்றிப் பேச நான் வரவில்லை. தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தை மறுபடி ஒழுங்குக்குக் கொண்டுவந்த முதல் மருந்து அந்தப் பட்டையில்தான் இருந்தது. அதைக் கண்டுபிடித்தவர் ஒரு நோயாளி. 1912-ல் வெங்கபாக் என்ற பெயர்பெற்ற டச்சு இதய மருத்துவரிடம் ஒரு வணிகர் வந்தார். அவருக்கு அவ்வப்போது நாடி ஒழுங்கு கெட்டு ஓடும். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் இதை நிறுத்த வழியும் இல்லை என்றார் மருத்துவர். வணிகர் விடவில்லை. எனக்கு வழி தெரியும், நாளைக் காலை ஒழுங்கான நாடியோடு வந்து காட்டுகிறேன் என்று சொல்லிப் போனார், சொன்னபடியே வந்தார். மலேரியாவுக்கென்று வைத்திருந்த கொய்னாவில் ஒரு கிராம் விழுங்கினால் அரை மணிக்குள் படபடப்பு நிற்பதை அவரே கவனித்து வைத்திருந்தார். வெங்கபாக் இதைப் பெருந்தன்மையோடு பதிவு செய்தார். 1918-ல் ஜெர்மானிய மருத்துவர் வால்டர் ஃப்ரை, பட்டையில் உள்ள சரக்குகளில் கொய்னாவை விட அதன் உடன்பிறப்பான குயினிடின் வலியது என்று காட்டினார். சுமார் அரை நூற்றாண்டு அதுதான் கோலோச்சியது.

ஆனால் குயினிடின் எடுத்தவர்களில் சிலர் திடீரென்று மயங்கி விழுந்தார்கள். சிலர் எழுந்திருக்கவே இல்லை. தாளத்தைச் சரிசெய்ய வந்த மருந்தே, சிலருடைய இதயத்தில் முன்பிருந்ததை விடப் பொல்லாத தாளக்கேட்டை உண்டாக்கியிருக்கிறது என்பது பின்னால்தான் விளங்கியது.

இன்று நான் சொல்ல நினைப்பது இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. இந்த மருந்துகள் நடமாடுவதற்கு இருக்கும் பாதை மிகக் குறுகலானது. ஒரு பக்கம் நோய், மறுபக்கம் மருந்தே செய்யும் கேடு. வேளை தவறாமல் விழுங்குவது, உரிய நாளில் ரத்தம் பார்ப்பது, வேறு எந்த மாத்திரையைக் கூடச் சேர்க்கிறோம் என்ற கவனம், இவை மூன்றும்தான் ஆளை அந்தப் பாதையில் நிறுத்திவைக்கின்றன. நம் ஊரின் வேலைமுறை இந்த மூன்றையும் தினமும் குலைக்கிறது. மருந்து நல்ல மருந்துதான், டாக்டரும் நல்ல டாக்டர்தான், ஆனாலும் ஆள் தப்பவில்லை என்றால், ஷிப்ட் அட்டையையும் எடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

முதலில் தாளம். இதயத்தின் வலது மேலறையில் ஒரு சிறு முடிச்சு இருக்கிறது. நிமிடத்துக்கு அறுபதிலிருந்து நூறு தடவை அது மின்துடிப்பை எழுப்பும். அது மேலறைகளில் பரவி, நடுவில் உள்ள இன்னொரு முடிச்சில் ஒரு கணம் தயங்கி, பிறகு கீழறைகளுக்கு இறங்கும். கீழறை சுருங்கினால் ரத்தம் உடம்புக்குப் போகும். இந்தப் பாதையில் எங்கே குழப்பம் வந்தாலும் தாளக் கோளாறு. துடிப்பு குறைந்துபோவதும் அதில் சேர்ந்ததுதான்; ஆனால் அதற்கு பேஸ்மேக்கர்தான் பெரும்பாலும் வழி, எனவே அதை விட்டுவிடுகிறேன். வேகமாகப் போகும் கோளாறுகளில் உலகம் முழுக்கப் பரவலானது மேலறை நடுக்கம். நம் காதர்பேட்டைச் சந்தையில் ஒரே கடை வாசலில் முந்நூறு வியாபாரிகள் ஒரே நேரத்தில் விலை கத்துவதாக வைத்துக்கொள்ளுங்கள். மேலறையில் அப்படித்தான் நிமிடத்துக்கு முந்நூற்றைம்பதுக்கு மேல் கூச்சல் கிளம்புகிறது. நல்லவேளையாக நடு முடிச்சு வாசல்காரனைப் போல நின்று பாதிக்கு மேல் தடுத்துவிடுகிறது. அப்படியும் நூற்றிருபது, நூற்றைம்பது என்று உள்ளே நுழைந்துவிடும், அதுவும் ஒழுங்கில்லாமல்.

மருந்துகளுக்கும் இதிலிருந்தே இரண்டு வேலை பிறக்கிறது. கூச்சலை அடக்குவது ஒன்று. கூச்சல் கிடக்கட்டும், வாசல்காரனிடம் குறைவாக உள்ளே விடச் சொல்வது இன்னொன்று. இரண்டாவது வேலையை வாங்குவது எளிது, ஆபத்தும் குறைவு. பெரும்பாலோர் பல ஆண்டுகளாக எடுத்துக்கொள்வது அந்த வகை மாத்திரைகளைத்தான்.

1970-ல் ஆக்ஸ்ஃபோர்டின் வாகன் வில்லியம்ஸ் இந்த மருந்துகளுக்கு ஒரு வகைப்பாடு வகுத்தார். சோடியம் வழியை அடைப்பவை, அட்ரினலினைத் தடுப்பவை, பொட்டாசியம் வழியை மந்தமாக்கி ஒவ்வொரு துடிப்புக்கும் பின் ஓய்வை நீட்டுபவை, கால்சியம் வழியை அடைப்பவை என்று இன்று நான்காகப் பாடம் நடத்துகிறோம். மாணவர்கள் மனப்பாடம் செய்துவிட்டுத் தேர்வு முடிந்ததும் மறந்துவிடுவார்கள். நீங்கள் மனப்பாடம் செய்யவே வேண்டாம். அதில் முதல் வகையைச் சேர்ந்த இரண்டு மருந்துகளின் கதையை மட்டும் கேளுங்கள். தரச் சோதனை செய்து ஏற்றுமதி செய்யும் ஊர் இது. இந்தக் கதை உங்களுக்கு மற்றவர்களை விட நன்றாகப் புரியும்.

மாரடைப்பிலிருந்து பிழைத்தவர்களுக்கு இடையிடையே அதிகப்படித் துடிப்புகள் வரும். அவை வருகிறவர்களிடம் திடீர் மரணம் அதிகம் என்பது தெரிந்திருந்தது. ஆகவே அந்தத் துடிப்புகளை அடக்கினால் மரணம் குறையும் என்று மருத்துவ உலகம் கணக்குப் போட்டது. தர்க்கத்தில் ஓட்டையே தெரியாது. என்கைனைடு, ஃபிளிகைனைடு என்ற இரண்டும் அந்தத் துடிப்புகளை அழகாகத் துடைத்தெடுத்தன. ஈசிஜி தாள் சுத்தமாக வந்தது. டாக்டர்களும் ஏராளமானோருக்கு எழுதினார்கள். ஆனாலும் உயிர் தப்புகிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும் என அமெரிக்காவில் காஸ்ட் என்ற பெரிய சோதனையைத் தொடங்கினார்கள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை. 1989-ல் அதைப் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. வெற்று மாத்திரை எடுத்த 725 பேரில் 22 பேர் இறந்திருந்தார்கள். மருந்து எடுத்த 730 பேரில் 56 பேர்.

தாளில் எல்லாம் சரி, ஆட்கள்தான் செத்துக்கொண்டிருந்தார்கள். தாளக் கோளாறு மருந்துகளின் வரலாறு அந்த ஆண்டில்தான் இரண்டாக உடைந்தது. என்கைனைடு சந்தையை விட்டே போயிற்று. ஃபிளிகைனைடு போகவில்லை. தழும்பு விழாத, அமைப்பு கெடாத இதயத்தில் அது இன்றும் நல்ல மருந்து. அரிதாகப் படபடப்பு வருகிறவர்கள் சட்டைப் பையில் வைத்திருந்து, வரும்போது மட்டும் விழுங்கலாம் என்று 2004-ல் இத்தாலிய மருத்துவர்கள் காட்டியதும் இத்தகைய இதயங்களில்தான். அதுவும் முதல் வேளையை மருத்துவமனையில் கொடுத்துப் பார்த்த பிறகு. அதே மாத்திரை ஒருவருக்கு மருந்து, அவருடைய அண்ணனுக்கு எமன். பக்கத்து மிஷின்காரருக்குக் கேட்ட மாத்திரையை வாங்கிப் போடுகிறவர்களுக்காக இதை அழுத்திச் சொல்கிறேன்.

காஸ்ட்டுக்குப் பிறகு கை நீண்டது அமியோடரோன் பக்கம். 1960-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் நெஞ்சுவலி மருந்தாகப் பிறந்தது அது. அதற்குத் தாளத்தைக் கட்டும் குணம் எப்படி வந்தது என்று ஆராய்ந்து 1970-ல் வெளியிட்டவர் பிரமா சிங், வாகன் வில்லியம்ஸிடம் பயின்ற மாணவர். பிஜித் தீவில் பிறந்த இந்திய வம்சாவளியினர். நம்மவர்களைக் கரும்புத் தோட்டத்துக்கு ஏற்றிச்சென்ற தீவு அது. அங்கிருந்து நியூசிலாந்தில் படித்து ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போன ஒருவர், இன்று உலகின் எல்லா அவசரப் பிரிவுகளிலும் இருக்கும் ஒரு மருந்தின் உட்பொருளை விளக்கினார் என்பது நம் பாடப்புத்தகங்களில் ஒரு வரியாகவாவது இருக்கலாம்.

அமியோடரோனைப் போலக் கூச்சலை அடக்கும் மருந்து இன்னும் வரவில்லை. அதைப் போலக் கண்காணிக்க வேண்டிய மருந்தும் குறைவு. எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அயோடின். 200 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் சுமார் 75 மில்லிகிராம். உடம்புக்கு ஒரு நாளைக்கு வேண்டியதோ 150 மைக்ரோகிராம். ஆகவே தைராய்டு ஏறலாம், இறங்கலாம். நுரையீரல் தடிக்கலாம். ஈரல் பாதிக்கப்படலாம். வெயிலில் தோல் எரியும், நாள்பட்டால் முகம் நீலச் சாம்பல் நிறமாவதும் உண்டு. கொழுப்பில் போய்த் தங்குவதால் நிறுத்திய பின்னும் மாதக்கணக்கில் உடம்பில் இருக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தைராய்டும் ஈரலும் பார்க்கச் சொன்னால் அது டாக்டரின் சம்பிரதாயம் என்று எண்ணாதீர்கள். புதிதாக இருமலும் மூச்சிரைப்பும் வந்தால் பஞ்சுத் தூசி என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள்.

பஞ்சுத் தூசி என்றதும் அடுத்த மருந்து வந்துவிடுகிறது. ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் பிளாக் 1960-களில் புரோபரனலாலை உருவாக்கினார். 1988-ல் நோபல் பரிசு பெற்றார். பீட்டா பிளாக்கர் என்ற அந்தக் குடும்பத்தில் இன்று மெட்டோபுரோலால், பிஸோபுரோலால், அட்டினலால் என்று பலர். அட்ரினலினின் சாட்டையிலிருந்து இதயத்தைக் காப்பவை. மலிவு, நம்பகமானவை, உயிர் காப்பவை. ஆனால் இதயத்தை நிதானிக்கும் அதே கை மூச்சுக்குழலையும் சுருக்கலாம். பல்லடம், அவிநாசிப் பக்கம் நூல் மில்லில் பஞ்சுக் கூடத்தில் வருடக்கணக்கில் நின்றவர்களுக்கு நெஞ்சு இறுக்கமும் வீசிங்கும் புதிதல்ல. அவர்கள் இதய டாக்டரிடம் போனால் இதய விஷயம் மட்டும் சொல்வார்கள். வீசிங்குக்கு வேறு டாக்டரிடம் ஊசி போட்டுக்கொள்வார்கள். அங்கே கொடுக்கும் டெரிஃபிலின், சால்பியூட்டமால் இரண்டும் துடிப்பை ஏற்றும். இங்கே கொடுக்கும் பீட்டா பிளாக்கர் மூச்சை அடைக்கும். இரண்டு டாக்டர்களும் ஒருவரை ஒருவர் அறியாமல் ஒரே ஆளின் உடம்பில் கயிறு இழுக்கிறார்கள். என்ன வேலை செய்கிறீர்கள் என்று டாக்டர் கேட்காவிட்டாலும், மில்லில் பஞ்சுப் பக்கம் இருக்கிறேன் என்று நீங்களே சொல்லுங்கள்.

இந்த மாத்திரையில் இன்னொரு கண்ணி. திடீரென்று நிறுத்தக் கூடாது. அடக்கி வைத்திருந்த அட்ரினலின் சில நாட்களில் பழி வாங்கும். புதன்கிழமை மாத்திரை தீர்ந்துவிடும். சனிக்கிழமை சம்பளம் வரட்டும் என்று விடுவார்கள். நடுவில் மூன்று நாள். சனிக்கிழமை ராத்திரி சம்பளம் கைக்கு வந்ததும் சிலர் போகும் முதல் கடை மருந்துக்கடையாகவும் இருப்பதில்லை. 1978-ல் அமெரிக்க மருத்துவர் எட்டிங்கர், விடுமுறைக் குடிக்குப் பிறகு மேலறை நடுக்கத்தோடு வருகிறவர்களைக் கவனித்து அதற்கு விடுமுறை இதயம் என்றே பெயர் வைத்தார். நம் ஊரில் அதற்கு ஞாயிற்றுக்கிழமை என்று பெயர் வைத்திருக்கலாம்.

டைஜாக்ஸினைச் சுருக்கமாகத்தான் சொல்ல முடியும், ஆனால் விட முடியாது. 1785-ல் வில்லியம் விதரிங் என்ற ஆங்கில மருத்துவர் டிஜிடாலிஸ் செடியின் இலையை நோயாளிகளுக்குக் கொடுத்த அனுபவத்தை நூலாக எழுதினார். இருநூற்று நாற்பது ஆண்டுகள் தாண்டியும் அதன் வழித்தோன்றல் நம் அரசு மருத்துவமனை மருந்து வரிசையில் நிற்கிறது. வாசல்காரனைக் கட்டுப்படுத்துவதில் கெட்டி. ஆனால் போதுமான அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் நடுவில் இடம் மிகக் கொஞ்சம். வாரத்தில் ஐந்து நாள் போட்டு இரண்டு நாள் விடச் சொல்லும் வழக்கம் நம் நாட்டில் அதனால்தான் வேரூன்றியது. சிறுநீரகம் தளர்ந்தால் இது உடம்பில் தேங்கும். பொட்டாசியம் குறைந்தால் அதே அளவு மாத்திரையே நஞ்சாகும். சாயப்பட்டறையில் வேர்வை வடிய நின்று, தண்ணீர் குடிக்காமல், நீர் பிரிய லாசிக்ஸும் போட்டுக்கொண்டு, வயிற்றுப்போக்கும் வந்தால் என்ன ஆகும் என்று நீங்களே கூட்டிப் பாருங்கள். பசியே இல்லை, குமட்டுகிறது, பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தெரிகிறது என்று ஒருவர் சொன்னால் பித்தம் என்று எலுமிச்சைச் சாறு கொடுக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். நம் வேலியோர அரளியில் இருக்கும் நஞ்சும் இந்தக் குடும்பம்தான். டைஜாக்ஸினுக்கென்று செய்த முறிமருந்து அரளி நஞ்சையும் முறிக்கும் என்று இலங்கையில் நடந்த ஆய்வு 2000-ல் நிறுவியது. விலைதான் எட்டாத உயரத்தில் இருந்தது.

இதுவரை சொன்னவை துடிப்பைத் தொடும் மருந்துகள். இனி வருவது துடிப்பைத் தொடாது. ஆனால் திருப்பூரில் தாளக் கோளாறு மருந்து என்றால் நான் அதிகம் பேச வேண்டியது இதைப் பற்றித்தான். அசிட்ரோம் என்று கடையில் கேட்கிறீர்களே, ரத்தம் உறையாமல் காக்கும் அசினோகுமரால். அதன் அக்கா வார்ஃபரின்.

மேலறை நடுங்கினால் அங்கே ரத்தம் சரியாக நகராமல் தேங்கும், தேங்கினால் உறையும், உறைந்த கட்டி மூளைக்கு ஓடினால் பக்கவாதம். மேலைநாடுகளில் மேலறை நடுக்கம் எழுபது வயதுக்காரர்களுடைய நோய். நம் நாட்டில் கதை வேறு. 2011, 2012-ல் இந்திய இதயத் தாள மருத்துவர்கள் எடுத்த பதிவேட்டில் மேலறை நடுக்கக்காரர்களின் சராசரி வயது ஐம்பத்தைந்தை ஒட்டி இருந்தது. கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு வாத இதய நோய். சிறு வயதில் தொண்டைப் புண் வந்து, சரியாகக் கவனிக்காமல் விட்டதால் மூட்டு வீங்கி, பல வருடம் கழித்து இதய வால்வு சுருங்கிப்போகும் நோய் அது. ஒரே அறையில் ஏழெட்டுப் பேர் படுக்கும் வீடுகளின் நோய். நம் லைன்களில் ஓவர்லாக் ஓட்டும் முப்பது வயதுப் பெண்ணிடம் இருக்கக்கூடிய நோய். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்பாள். ரத்தம் கம்மி என்று டானிக் வாங்கிக் கொடுப்பார்கள்.

வால்வு மாற்றியவர்களுக்கும் இதே மாத்திரைதான். திருவனந்தபுரத்தில் ஸ்ரீசித்திரா நிலையத்தில் வலியத்தான் தலைமையில் உருவாக்கிய உள்நாட்டு வால்வு 1990 டிசம்பரில் முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. அது வந்த பிறகுதான் செயற்கை வால்வு நம்மவர்களுக்குக் கட்டுப்படியானது. வால்வுக்கு ஒரு முறை செலவு. அதில் ரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரை ஆயுளுக்கும்.

புதிய மருந்துகள் வந்துவிட்டனவே, டாபிகாட்ரான், ரிவராக்ஸபான், அபிக்ஸபான், ரத்தம் பார்க்கவே வேண்டாமாமே என்று கேட்பீர்கள். காப்புரிமை முடிந்து விலையும் இறங்கியிருக்கிறது. வால்வு கெடாத மேலறை நடுக்கத்துக்கு அவை நல்லவை. வாத நோயால் வால்வு கெட்டவர்களுக்கும் அப்படியே இருக்கும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். 24 நாடுகளில் நாலாயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் சேர்த்து, இன்விக்டஸ் என்ற பெயரில் சோதனை நடந்தது. அவர்களின் சராசரி வயது ஐம்பது. நூற்றுக்கு எழுபதுக்கு மேல் பெண்கள். 2022-ல் தில்லி எய்ம்ஸின் கணேசன் கார்த்திகேயன் முடிவை அறிவித்தார். பழைய மாத்திரை எடுத்தவர்கள்தான் அதிகம் பிழைத்திருந்தார்கள். சோதித்த ரிவராக்ஸபான் தோற்றது. செயற்கை உலோக வால்வு உள்ளவர்களுக்கும் புதியவை கூடாது.

ஆகவே நம் பெண்களுக்கு அசிட்ரோம்தான். அதற்கு ஐஎன்ஆர் என்ற ரத்தப் பரிசோதனை வேண்டும். பொதுவாக 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்க வேண்டும். சில உலோக வால்வுகளுக்குச் சற்று மேலே. கீழே போனால் உறையும், மேலே போனால் ஒழுகும். மாதம் ஒரு முறையாவது பார்க்க வேண்டும். அளவு மாற்றும்போது வாரம் ஒரு முறை. ஒரு நாள் இரண்டு மில்லிகிராம், மறுநாள் மூன்று என்று மாற்றி மாற்றி எழுதியிருப்பார்கள். காலை எட்டரைக்கு உள்ளே போய் இரவு எட்டரைக்கு வெளியே வரும் ஒன்றரை ஷிப்ட்டில், எந்த வேளையில் ஆய்வகத்துக்குப் போவது? பீஸ் ரேட்டில் தைப்பவளுக்கு அரை நாள் என்றால் அரை நாள் கூலி. ஷிப்மென்ட் நெருக்கடி வாரத்தில் லீவு கேட்டால் அடுத்த வாரம் வேலை இருக்குமா என்ற பயம். மூன்று மாதம் பார்க்காமல் விடுவாள். மாத்திரையை மட்டும் விடாமல் விழுங்குவாள். அல்லது இரண்டையும் விட்டுவிடுவாள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்திருப்பவர்களின் பாடு இன்னும் மோசம். ஊருக்குப் போய்த் திரும்ப ஒரு மாதம். அங்கே ஆய்வகம் எங்கே என்று தெரியாது. இங்கே கொடுத்த சீட்டைப் படிக்க அங்கே ஆள் இல்லை.

உணவைப் பற்றி ஒரு பெரிய புரளி உண்டு, கீரையே தொடக்கூடாது என்று. கீரையில் உள்ள வைட்டமின் கே இந்த மாத்திரையை எதிர்க்கும் என்பது உண்மை. ஆனால் வாரம் இரண்டு நாள் முருங்கைக்கீரை சாப்பிடுகிறவர் அப்படியே தொடரட்டும். டாக்டர் மாத்திரை அளவை அதற்கேற்ப வைப்பார். ஒரு மாதம் கீரையே தொடாமல் இருந்துவிட்டு அடுத்த வாரம் தினமும் பொரியல் சாப்பிடுவதுதான் வம்பு. கீரையை விடப் பத்து மடங்கு கவனம் வேண்டியது வலி மாத்திரையில். பன்னிரண்டு மணி நேரம் குனிந்து தைத்தால் முதுகு வலிக்கத்தான் செய்யும். டைக்ளோஃபினாக் விழுங்கினால் அசிட்ரோமோடு சேர்ந்து வயிற்றில் ரத்தம் கசியலாம். வயிற்றுப்போக்குக்குப் போடும் மெட்ரோனிடஸோல் ஐஎன்ஆரைச் சரசரவென்று ஏற்றும். காளான் தொற்று மாத்திரை ஃபுளுகோனஸோலும் அப்படியே. மலம் கறுப்பாகப் போனாலும், பல் ஈறில் ரத்தம் நிற்காவிட்டாலும் அன்றே ஆஸ்பத்திரி. பெண் பிள்ளைகளுக்கு இன்னொன்று, கூச்சமில்லாமல் கேளுங்கள். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் இந்த மாத்திரை குழந்தையைப் பாதிக்கலாம். நாள் தள்ளிப்போன பிறகு சொல்வதை விட, குழந்தை வேண்டும் என்று நினைக்கும்போதே சொல்வது நல்லது. தானாக நிறுத்திவிடுவது அதைவிட ஆபத்து, வால்வு அடைத்துக்கொள்ளும்.

மருந்துக்கடையைப் பற்றிப் பேசாமல் இறங்கினால் என் மருந்தியல் படிப்பு வீண். திருப்பூரில் முதல் டாக்டர் மருந்துக்கடைதான். ராத்திரி ஒன்பது மணிக்குத் திறந்திருப்பது அதுதான், காத்திருக்கச் சொல்லாததும் அதுதான். நெஞ்சில் படபடப்பு என்றால், கேஸுங்க என்று ஒரு மாத்திரை வரும். பேன்டோபிரசோலோடு டோம்பெரிடோன் கலந்த மாத்திரையாக இருக்க வாய்ப்பு அதிகம். டோம்பெரிடோன் சிலருக்கு இதயத் துடிப்பின் ஓய்வு நேரத்தை நீட்டிவிடும். அமியோடரோன் எடுப்பவருக்கு அது எரிகிற வீட்டில் எண்ணெய். ஐரோப்பிய மருந்து முகமை 2014-ல் அதன் அளவையும் நாளையும் கட்டுப்படுத்தியது. நாம் இன்னும் பிரியாணிக்குப் பிறகு வெற்றிலை போல அதை வாங்கிக்கொண்டிருக்கிறோம். சளிக்குக் கொடுக்கும் அசித்ரோமைசின், லீவோஃபிளாக்ஸசின் இரண்டுக்கும் அதே குணம் உண்டு. நல்ல இதயத்தில் பெரும்பாலும் எதுவும் நடக்காது. எல்லோரையும் பயமுறுத்த நான் விரும்பவில்லை. தாளக் கோளாறு மருந்து எடுப்பவர் மட்டும் கடையில் முதல் வார்த்தையாக, நான் இதய மாத்திரை சாப்பிடுகிறேன் என்று சொல்ல வேண்டும். கடைக்காரர் அதைக் கேட்டுவிட்டும் அதே அட்டையை நீட்டினால் வேறு கடைக்குப் போங்கள்.

முதலாளிமார்களிடம் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். தொழிலாளர் காப்பீட்டுத் திட்டமான இஎஸ்ஐ தமிழ்நாட்டில் 1955-ல் முதலில் வந்தது பக்கத்தில் உள்ள கோவைக்குத்தான். இன்று பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு அது உரிமை. நூறு படுக்கை இஎஸ்ஐ மருத்துவமனைக்கு 2019-ல் அடிக்கல் நாட்டப்பட்டதும் இந்த ஊரில்தான். ஆனால் எட்டு மிஷின் போட்டு ஜாப் ஒர்க் செய்யும் இடத்திலும், காண்ட்ராக்டர் கையில் கூலி வாங்கும் இடத்திலும் அந்த அட்டை இல்லை. அட்டை இருந்தும் போக நேரம் இல்லாதவர்களும் உண்டு. நான் கேட்பது பெரிய செலவல்ல. அசிட்ரோம் எடுப்பவருக்கு மாதம் ஒரு காலை, இரண்டு மணி நேரம், கூலி பிடிக்காமல். தாளக் கோளாறு உள்ளவரை ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு என்று மாற்றிப் போடாமல் ஒரே ஷிப்ட்டில் வைப்பது. அயர்னிங் பக்கமும் சாயப்பட்டறையிலும் எழுந்து போய்த் தண்ணீர் குடிக்கச் சூப்பர்வைசர் முகம் சுளிக்காமல் இருப்பது. வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியின் ஆடிட்டர் வந்தால் தீயணைப்பான் எங்கே என்று காட்டுகிறீர்கள். மயங்கி விழுந்தவருக்கு நெஞ்சை அழுத்தத் தெரிந்த ஆள் எங்கே என்று ஒருநாள் யாராவது கேட்டால் காட்ட ஒருவர் இருக்கட்டும். கீழறை நடுங்கி ஆள் சாய்ந்துவிட்டால் நான் இன்று சொன்ன எந்த மாத்திரைக்கும் அங்கே வேலை இல்லை. நெஞ்சை அழுத்த வேண்டும், 108-ஐ அழைக்க வேண்டும், மின் அதிர்ச்சி கொடுக்க வேண்டும்.

துண்டுச் சீட்டில் வந்த கேள்விகளில் இரண்டுக்கு மட்டும் நேரம் இருக்கிறது.

நைட் ஷிப்ட் மாறும் வாரத்தில் அசிட்ரோமை எப்போது போடுவது என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். எந்த ஷிப்ட்டிலும் நீங்கள் விழித்திருக்கும் ஒரு மணியைப் பிடித்துக்கொள்ளுங்கள். மாலை ஆறு மணி பெரும்பாலோருக்குச் சரிவரும். பகல் ஷிப்ட்டில் டீக்குப் பிறகு, இரவு ஷிப்ட்டில் கிளம்புமுன். மறந்துவிட்டால் அதே நாளுக்குள் நினைவு வந்தபோது போடலாம். மறுநாள்தான் நினைவு வந்தது என்றால் விட்டதை விட்டுவிடுங்கள். இரண்டாகச் சேர்த்துப் போடவே கூடாது. விட்ட நாளைக் காலண்டரில் சுழித்து வைத்து, ரத்தம் பார்க்கும்போது டாக்டரிடம் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர் மாத்திரை போதவில்லை என்று நினைத்து அளவைக் கூட்டிவிடுவார்.

கேஸா, இதயமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஒரு அக்கா கேட்டிருக்கிறார். வீட்டில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாதுங்க அக்கா. படபடப்பு இருக்கும்போதே ஈசிஜி எடுத்தால்தான் தெரியும். நின்ற பிறகு எடுத்தால் பெரும்பாலோருக்கு எல்லாம் சரியாக இருக்கிறது என்றுதான் வரும். சுவிட்ச் போட்டதுபோலத் திடீரென்று தொடங்கித் திடீரென்று நிற்கும் வகை ஒன்று உண்டு. அதற்கு மருத்துவமனையில் முதலில் ஊசியே போடமாட்டார்கள். வெறும் சிரிஞ்சில் பதினைந்து விநாடி அழுத்தி ஊதச் சொல்லி, உடனே மல்லாக்கப் படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பிடிப்பார்கள். 2015-ல் இங்கிலாந்தில் சோதித்தபோது நூற்றுக்கு 43 பேருக்கு அதிலேயே நின்றது. நிற்காதவர்களுக்கு அடினோசின் ஊசி. சில விநாடி உயிர் போவதுபோல இருக்கும், பிறகு சரியாகிவிடும். அந்த வகையைப் பலருக்கு நிரந்தரமாகச் சரிசெய்யும் கதீட்டர் சிகிச்சையும் இருக்கிறது. ஆயுள் முழுக்க மாத்திரை தேவையில்லை. ஆனால் அது எந்த வகை என்று சொல்லப்போவது படபடப்பு நேரத்தில் எடுத்த அந்த ஈசிஜிதான். ஆகவே படபடவென்று அடிக்கும்போதே பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், ஈசிஜி எடுக்கச் சொல்லுங்கள், அந்தத் தாளைச் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வெப்பத்தாளில் அச்சாவது நாள்பட மங்கிவிடும்.